தபால் துவாரம் வழியே வரும் ஊர்: இங்கிலாந்துக் கிராமத்தின் பாரிஷ் வாழ்க்கை

கேள்வி இது: "டெவனில் ஒரு சிறு கிராமத்துக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. மாதாமாதம் கதவிலுள்ள தபால் துவாரம் வழியாக ஒரு சிறு இதழ் வந்து விழுகிறது. பாதி சர்ச் செய்தி, பாதி ஊர்ச் செய்தி. இதை வெளியிடுவது சர்ச்சா, பஞ்சாயத்தா? நாங்கள் இந்துக்கள், எங்களுக்கு இதில் ஏதாவது இடம் உண்டா? குழந்தைகள் விளையாடும் திடலிலிருந்து ஊஞ்சல்களை அகற்றப் போவதாக இந்த மாத இதழில் இரண்டே வரிகள் வந்திருக்கின்றன. யாரிடம் போய்க் கேட்பது?"

ஊஞ்சல் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். 'பாரிஷ்' என்ற சொல் பிடிபட்டால்தான் அதற்கான பதில் முழுதாக விளங்கும். அவசரமென்றால், பாரிஷ் கவுன்சிலின் கிளார்க்குக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு மீதியைப் படியுங்கள்.

நம் ஊர்க் கிறித்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் புதிதல்ல. கத்தோலிக்கர் 'பங்கு' என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபையினர் 'சேகரம்' என்பார்கள். ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள எல்லை அது. இங்கிலாந்தில் அதே எல்லைக்குள் காலப்போக்கில் ஒரு குட்டி அரசாங்கமும் வளர்ந்து, பிறகு சர்ச்சிலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போய்விட்டது. அதனால் இன்று உங்கள் ஊரில் ஒரே பெயரில் இரண்டு பாரிஷ்கள் இருக்கின்றன. ஒன்று சர்ச்சினுடையது: குருவானவர், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு சர்ச் வார்டன்கள், 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற ஒரு சபை மன்றம். மற்றது சர்க்காருடையது: தேர்தலில் வரும் கவுன்சிலர்கள், சம்பளத்துக்கு ஒரு பகுதிநேர கிளார்க், தலைவர். எல்லை சில ஊர்களில் ஒன்றாகவே இருக்கும், சில ஊர்களில் மாறிவிட்டிருக்கும். பணப்பை மட்டும் எங்கும் தனித்தனி. ஒரே ஆள் இரண்டிலும் உறுப்பினராக இருப்பது சகஜம் என்பதால், புதிதாக வருகிறவர்களுக்கு எது எந்தக் கூட்டம் என்றே பிடிபடாது.

இந்தப் பிணைப்பு எவ்வளவு பழையது என்பதைச் சொல்ல வேண்டும். 1538-இல், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் பதிய வேண்டும் என்று ஆணையிட்டார். 1601-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், எல்லைக்குள் இருக்கும் ஏழைகளைக் காக்கும் பொறுப்பையும் அதற்கு வரி வசூலிக்கும் அதிகாரத்தையும் பாரிஷிடம் கொடுத்தது. அப்போதிலிருந்து 'நீ எந்த பாரிஷ்?' என்பது வயிற்றுப்பாட்டுக் கேள்வியாகிவிட்டது. 1662-இல் வந்த சட்டப்படி, வேறு பாரிஷில் போய் நொடித்துப்போனவர்களை, கர்ப்பிணிப் பெண்களைக்கூட, அவரவர் சொந்த பாரிஷுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிறக்கும் குழந்தையின் செலவு தங்கள் தலையில் விழக் கூடாது என்ற கணக்கு அது. இந்தக் கொடுமையையும் நாம் மறக்கக் கூடாது. கிராமத்து நெருக்கத்தை மட்டும் புகழ்ந்து எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அதே எல்லைக்கோட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. டார்பிஷயர் மலைப்பகுதியில் ஈம் என்று ஒரு கிராமம். 1665-இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்கு வந்த துணி மூட்டையோடு பிளேக் ஊருக்குள் வந்தது என்பார்கள். இளம் குருவானவர் வில்லியம் மொம்பெசனும், அவருக்கு முன் அங்கே ஊழியம் செய்து பதவி இழந்திருந்த தாமஸ் ஸ்டான்லியும் கருத்து வேறுபாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு ஊராரிடம் பேசினார்கள். 1666 கோடையில் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: எல்லையைத் தாண்டி யாரும் போவதில்லை. சர்ச்சைப் பூட்டினார்கள், ஆராதனையைப் பள்ளத்தாக்கில் வெட்டவெளியில் விலகி நின்று நடத்தினார்கள், அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே புதைத்தார்கள். வெளியூரார் எல்லைக் கல்லருகே உணவை வைத்துவிட்டுப் போவார்கள். நோய் ஒட்டாதிருக்கக் கல்லில் குடைந்த குழிகளில் காடி ஊற்றி, அதில் ஈம் ஊரார் போட்டுவைத்த காசை எடுத்துக்கொள்வார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே அடக்கம் செய்தார். மொம்பெசனின் மனைவி கேத்தரினும் இறந்தார். மொத்தம் சுமார் 260 பேர். அவர்களின் பெயர்களைச் சொல்வது அந்த ஊரின் பாரிஷ் பதிவேடுதான். இன்றும் ஆகஸ்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதே பள்ளத்தாக்கில் நினைவு ஆராதனை நடக்கிறது. பாரிஷ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், சட்டப் பிரிவுகளைச் சொல்வதற்கு முன் நான் ஈமைச் சொல்வேன்.

இனி வேகமாக வருவோம். 1834-இல் ஏழையர் பராமரிப்பு பாரிஷின் கையைவிட்டுப் போனது. 1894-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், சர்ச்சின் பின்னறையில் கூடி ஊர்க்காரியம் பார்த்துவந்த 'வெஸ்ட்ரி' கூட்டத்தின் அதிகாரத்தை எடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில்களிடம் ஒப்படைத்தது. பெண்களும் ஓட்டுப் போடலாம், போட்டியிடலாம் என்றும் அது சொன்னது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1918-இல்தான். பண்ணைத் தொழிலாளியும் பெரிய வீட்டு எஜமானரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வழி பிறந்தது அந்தச் சட்டத்தால்.

இன்று இங்கிலாந்தில் இப்படிப்பட்ட உள்ளூர்க் கவுன்சில்கள் ஏறக்குறைய 10,000. குறைந்தது ஐந்து கவுன்சிலர்கள் இருக்க வேண்டும். அநேகமாக யாரும் சம்பளம் வாங்குவதில்லை. அவர்கள் பார்ப்பது: விளையாட்டுத் திடல், ஊர்ப் புல்வெளி, பஸ் நிழற்குடை, பெஞ்சு, சில ஊர்களில் தெருவிளக்கும் இடுகாடும், காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் சிறு நிலத் துண்டுகள். அவர்கள் பார்க்காதது: சாலைக் குழி, பள்ளிக்கூடம், குப்பை வண்டி. அவை மேலடுக்குக் கவுன்சில்களின் வேலை. ஆனால் திட்டுவதெல்லாம் பாரிஷ் கவுன்சிலரைத்தான், ஏனென்றால் கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர் அவர்தான். நான் ஆறு ஆண்டுகள் கவுன்சிலராக இருந்தேன். எங்கள் அதிகாரத்தில் இல்லாத சாலைக் குழிகளைப் பற்றித்தான் அதிகம் கேட்டேன். கேட்டதை மேலே எழுதி, விடாமல் நினைவூட்டுவதும் ஒரு வேலைதான் என்று பிறகு புரிந்தது.

பணம் எங்கிருந்து வருகிறது? 'பிரிசெப்ட்' என்று ஒரு தொகையை பாரிஷ் கவுன்சில் ஆண்டுதோறும் முடிவுசெய்கிறது. நீங்கள் கட்டும் கவுன்சில் வரியோடு சேர்த்து அதை வசூலித்துக் கொடுக்கிறார்கள். உங்கள் வரி நோட்டீஸில் பாரிஷின் பெயரோடு தனி வரியாக இருக்கும், பாருங்கள். உதாரணத்துக்கு, 400 வீடுகள் சராசரியாக 60 பவுண்ட் கட்டினால் 24,000 பவுண்ட். அதற்குள் புல் வெட்டவும், கிளார்க்குக்குச் சம்பளம் கொடுக்கவும், காப்பீடு கட்டவும், ஊஞ்சலைப் பழுதுபார்க்கவும் வேண்டும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் இதழில் வரும் கவுன்சில் அறிக்கை வேறு மாதிரி வாசிக்கும்.

ஊரில் சூடு பறக்கும் செய்தி எப்போதும் கட்டட அனுமதிதான். வயலில் நாற்பது வீடுகள் கட்டக் கேட்டு மனு வந்தால், அன்றைய கூட்டத்தில் நாற்காலி போதாது. முடிவெடுப்பது பாரிஷ் இல்லை. ஆனால் அதன் கருத்தைக் கேட்டாக வேண்டும். 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊரே தனக்கென ஒரு வட்டாரத் திட்டம் தயாரித்து வாக்கெடுப்பில் நிறைவேற்றலாம். கட்டுமான நிறுவனங்களிடம் உள்கட்டமைப்புக் கட்டணம் வசூலிக்கும் பகுதிகளில், அதில் 15 சதவீதம் பாரிஷுக்கு வரும்; வட்டாரத் திட்டம் நிறைவேறிய ஊரானால் 25 சதவீதம். புது வீடுகளை எதிர்த்தவர்களும் அந்தப் பணத்தில் வந்த சறுக்குமரத்தில் பேரப்பிள்ளைகளை ஏற்றிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது நல்லதுதான்.

இப்போது உங்கள் கையிலுள்ள இதழ். பாரிஷ் இதழ் என்ற வடிவத்தைத் தொடங்கிவைத்தவராகச் சொல்லப்படுபவர் டார்பி நகரின் குருவானவர் ஜான் எர்ஸ்கின் கிளார்க், ஆண்டு 1859. நடுப்பக்கங்களைப் பொதுவாக அச்சிட்டு எல்லா ஊருக்கும் விற்பது, மேலட்டையையும் ஓரிரு பக்கங்களையும் அந்தந்த ஊர் தன் செய்தியோடு சேர்த்துக்கொள்வது என்பது அவர் கண்ட வழி. இன்று பெரும்பாலும் ஊரிலேயே ஒருவர் வீட்டுக் கணினியில் வடிவமைக்கிறார். குழாய் பழுதுபார்ப்பவரும் புகைபோக்கி சுத்தம் செய்பவரும் கொடுக்கும் விளம்பரத்தில் அச்சுச் செலவு தேறுகிறது. சில ஊர்களில் சர்ச்சே வெளியிடுகிறது, சிலவற்றில் பாரிஷ் கவுன்சில், சிலவற்றில் இரண்டும் சேர்ந்து. உங்களுடையது எது என்பது உள்ளட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

அதை எப்படி வாசிப்பது என்று சொல்கிறேன், ஏனென்றால் முதல் ஓராண்டு நான் அதை வாசிக்கவே இல்லை. சர்ச் விளம்பரம் என்று நினைத்து அப்படியே மறுசுழற்சிக் கூடையில் போட்டுவந்தேன். அந்த ஆண்டு எங்கள் ஊர் பஸ்ஸை நிறுத்துவது பற்றி மக்கள் கருத்துக் கேட்டு அதில் அறிவிப்பு வந்திருக்கிறது. எழுதியவர்கள் சிலரே. பஸ் நின்றது. பக்கத்து வீட்டு மூதாட்டி செவ்வாய்தோறும் சந்தைக்குப் போய் வந்தது அதோடு முடிந்தது. என் கடிதம் ஒன்று சேர்ந்திருந்தால் பஸ் பிழைத்திருக்குமா, தெரியாது. ஆனால் நான் எழுதியிருக்க வேண்டும்.

முதலில் ஆராதனை அட்டவணையைப் பாருங்கள். இன்று ஒரு குருவானவரின் பொறுப்பில் ஐந்தாறு கிராமச் சர்ச்சுகள் இருப்பது சாதாரணம். அதனால் முதல் ஞாயிறு இந்த ஊர், இரண்டாம் ஞாயிறு அடுத்த ஊர் என்று முறை வைத்திருப்பார்கள். ஐந்தாம் ஞாயிறு வந்தால் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். அதன் கீழே வேறு முறைப் பட்டியல்கள்: யார் எந்த வாரம் பூ அலங்கரிப்பது, யார் பித்தளை துலக்குவது, யார் காலையில் கதவு திறந்து மாலையில் பூட்டுவது. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் பூப் பட்டியல் காலியாக இருந்தால் பதற வேண்டாம். அந்த நாட்களில் பூ வைப்பதில்லை. 'பேன்ஸ்' என்ற தலைப்பில் மணமக்கள் பெயர் வந்தால், அது நம் ஊர்ச் சபைகளில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்களே, அதே வழக்கம். அக்டோபரையொட்டி வரும் அறுப்பின் பண்டிகையும் அப்படியே. இன்றைய வடிவில் அதைத் தொடங்கியவர் கார்ன்வாலின் மார்வென்ஸ்டோ ஊர்க் குருவானவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், 1843-இல். பூசணியும் ரொட்டியும் டப்பா உணவும் பீடத்தருகே குவியும். பிறகு அவை உணவு வங்கிக்குப் போகும்.

பிறகு ஊர்ப் பக்கங்கள். நடமாடும் நூலகம் எந்த நேரம், எந்த மரத்தடியில் நிற்கும்; குழாய் எரிவாயு எட்டாத வீடுகள் ஒன்றுசேர்ந்து மலிவாகச் சூடேற்றும் எண்ணெய் வாங்கும் தேதி; முதியோர் மதியச் சாப்பாடு; வினாடி வினா இரவு; தோட்டக்காரர்களின் வெங்காயப் போட்டி; கோடை விழாவில் கேக்கின் எடையை ஊகிக்கும் மேசைக்கு ஆள் தேவை. பெண்கள் சங்கத்தின் அறிக்கை கட்டாயம் இருக்கும். கனடாவில் 1897-இல் தோன்றி, பிரிட்டனில் 1915-இல் வேல்ஸிலுள்ள ஒரு கிராமத்தில் கால் ஊன்றிய அமைப்பு அது. போர்க்காலத்தில் உணவு விளைவிக்கவும் பதப்படுத்தவும் கிராமப் பெண்களைத் திரட்டியது. ஊர்க்காவல் விழிப்புக் குழுவின் குறிப்பும் இருக்கலாம். பிரிட்டனில் அதன் முதல் குழு 1982-இல் செஷயரின் மோலிங்டன் என்ற சிறு கிராமத்தில் அமைந்தது. பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டு உங்கள் ஊரில் இருந்தால், ஒரு பவுண்டுக்கு அதை ஊரே வாங்கி இதயத்துடிப்பு மீட்கும் கருவியை உள்ளே வைத்திருக்கக்கூடும். அது எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள்.

இரங்கல் குறிப்புகளை மட்டும் நிதானமாக வாசியுங்கள். 'நாற்பது ஆண்டுகள் இந்த இதழை மேட்டுத் தெருவுக்கு விநியோகித்தவர்' என்று ஒரு வரி வரும். வேறு எந்தப் பத்திரிகையிலும் அந்த மனிதரைப் பற்றி அப்படி ஒரு வரி வராது.

இந்துக்களுக்கு இதில் இடம் உண்டா என்று கேட்டீர்கள். சர்ச் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். பாரிஷில் குடியிருக்கும் எவருக்கும், எந்த மதமானாலும், இடம் இருக்கும்வரை அந்தச் சர்ச் வளாகத்தில் அடக்கம் பெறும் உரிமை உண்டு. ஆண்டுதோறும் மே மாத இறுதிக்குள் சர்ச் வார்டன்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில், சர்ச் உறுப்பினர்களோடு, அந்த பாரிஷில் குடியிருந்து உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களும் ஓட்டுப் போடலாம். பழைய காலத்தில் வார்டன் ஊர் முழுவதற்கும் பொறுப்பாளர் என்பதன் மிச்சம் அது. அந்தப் பழைய கட்டடங்களைத் தாங்கிப்பிடிப்பது லேசான வேலையில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடக் கலைஞர் சோதித்து அறிக்கை தருவார்; கூரை ஈயத்தைத் திருடிப் போவார்கள்; சட்டப் பாதுகாப்புள்ள வௌவால்களை விரட்ட முடியாது. அதனால்தான் கோபுரத்தைக் காக்கத் திரட்டும் நிதிக்கு, ஆராதனைக்கே போகாதவர்களும் கொடுக்கிறார்கள்.

மணி அடிக்கும் குழுவிலும் அப்படித்தான்; பெரும்பாலான ஊர்களில் நம்பிக்கையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். அங்கே மெட்டு வாசிப்பதில்லை. ஒவ்வொரு மணியும் முழுவட்டம் சுற்றி ஒலிக்க, வரிசை மாறிக்கொண்டே போகும். ஆறு மணிகளுக்கு 720 வரிசைகள், ஏழு மணிகளுக்கு 5,040. அத்தனையையும் ஒன்றுகூடத் திரும்ப வராமல் அடிக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். கணக்கில் ருசி உள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் பயிற்சி நாளன்று ஏணிப்படி ஏற்றிவிடுங்கள்.

சர்க்கார் பாரிஷில் உங்கள் இடம் சட்டத்தில் எழுதப்பட்டே இருக்கிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டினர். முறையான விசாவோடு இங்கே வசித்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்துவிட்டால் கவுன்சிலுக்குப் போட்டியிடவும் செய்யலாம். பல ஊர்களில் போட்டியே இல்லாமல் இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. கவுன்சிலே ஆள் தேடிச் சேர்த்துக்கொள்கிறது. நான் உள்ளே வந்தது அப்படித்தான். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் 34 வீடுகளுக்கு இந்த இதழைப் போட்டுவந்தேன். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யார் கதவைத் திறந்து தேநீர் வேண்டுமா என்று கேட்பார் என்பதெல்லாம் அந்த நடையில் தெரிந்தது. விருந்துக்கு அழைப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்; இங்கே கூச்சம் அதிகம். 'என்ன உதவி வேண்டும்?' என்று நீங்கள் கேளுங்கள். அடுத்த வாரமே நாற்காலி அடுக்கக் கூப்பிடுவார்கள்.

இனி ஊஞ்சல். அகற்றுவதற்குக் காரணம் அநேகமாக ஆண்டுச் சோதனை அறிக்கையாக இருக்கும்: சங்கிலி தேய்ந்திருக்கும், அல்லது அடித்தளம் ஆடும், காப்பீட்டுக்காரர்கள் நெருக்குவார்கள். கிளார்க்குக்கு எழுதி அந்த அறிக்கையைக் கேளுங்கள். தகவல் சுதந்திரச் சட்டம் பாரிஷ் கவுன்சிலுக்கும் பொருந்தும், ஆனால் சட்டத்தைச் சொல்லி ஆரம்பிக்க வேண்டாம். மரியாதையாகக் கேட்டாலே தருவார்கள். பழுதுபார்க்க எவ்வளவு, புதிதாக வாங்க எவ்வளவு என்றும் கேளுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் விஷயத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் நிரலில் இல்லாததைப் பற்றி கவுன்சில் முடிவெடுக்க முடியாது. நிரல், கூட்டத்துக்கு முன் முழுதாக மூன்று நாள் இடைவெளி இருக்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே அதற்கும் ஒரு வாரம் முன்பே எழுதிவிடுங்கள். கூட்டத்துக்கு யாரும் வரலாம். பெரும்பாலான கவுன்சில்கள் தொடக்கத்தில் ஊரார் பேசச் சில நிமிடங்கள் ஒதுக்குகின்றன.

மார்ச் 1 முதல் ஜூன் 1 வரைக்குள் ஆண்டுக்கொரு முறை நடக்கும் பாரிஷ் கூட்டம் வேறு. அது கவுன்சிலின் கூட்டமன்று, வாக்காளர்களின் கூட்டம். நம் கிராம சபையைப் போல. வேண்டுமானால் ஆறு வாக்காளர்கள் சேர்ந்து இடையிலும் அப்படியொரு கூட்டத்தைக் கூட்டலாம். அதுவரை போக வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். பிரிசெப்ட்டை டிசம்பர், ஜனவரியில் முடிவுசெய்வார்கள்; ஊஞ்சலுக்கான தொகை அதற்குள் அவர்கள் காதில் விழ வேண்டும். ஆகவே நவம்பர்க் கூட்டத்துக்கே போங்கள். திடலுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரைப் போல அங்கும் கூட்டம் கிராம மண்டபத்தில்தான் நடக்குமென்றால், ஹீட்டர் சூடேறுவதற்குள் பாதிக் கூட்டம் முடிந்துவிடும். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.